கண்ணாடியில் விழுந்த கோடு

அன்புள்ள நண்பா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. அதையெல்லாம் பதில் கடிதத்தில் கொட்டித் தீர்த்துக்கொள், இதை மட்டும் இன்றைக்கே படித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

நீ சுழல் கருவி, அதாவது முனையில் மாட்டியதை வேகமாகச் சுழற்றி வெட்டவும் செதுக்கவும் உதவும் அந்தச் சின்னக் கைக்கருவி, வாங்கியிருக்கிறாய் என்று பெரியவர் சொன்னார். அவருக்கு மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கித் தருவதாக வாக்கு வேறு கொடுத்திருக்கிறாயாம். வேறு நேரமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் காரணம்.

சைக்கிள் மட்கார்டில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது. தலை மழுங்கிப்போனதால் ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது. வெட்டி எடுத்துவிடலாம் என்று என் கருவியில் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள, மெல்லிய வட்டமான வெட்டு டிஸ்கை மாட்டினேன். பாதி போல்ட் வரை வேலை அழகாகப் போயிற்று, தீப்பொறி ஒரே சீராகப் பறந்தது. திடீரென்று தகடு லேசாக அசைந்து, வெட்டிய வாய் டிஸ்கைக் கவ்விக்கொண்டது. கருவியை நிறுத்திவிட்டுத்தான் டிஸ்கை வெளியே எடுத்திருக்க வேண்டும். நானோ ஓடும்போதே மணிக்கட்டை ஒரு நூலளவு திருப்பினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். மோட்டார் முன்பைவிடக் கூர்மையாகக் கத்தியது. பார்த்தால் முனையில் திருகு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, டிஸ்கைக் காணோம்.

ஒரு துண்டைச் சுவரோரம் கண்டெடுத்தேன். இன்னொரு துண்டு எங்கே போனது என்று, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. வலது பக்கத்தில், கருவிழிக்கு நேர் முன்னால், நகத்துணுக்கு நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. அந்த டிஸ்கின் விளிம்பு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நகர்கிறது. ஆக நொடிக்கு 60 மீட்டர், மணிக்கு 215 கிலோமீட்டர். பேனா பிடிப்பது போலப் பிடித்து வேலை செய்கிற கருவி என்பதால் அதை விளையாட்டுச் சாமானாக நினைத்துவிடுகிறோம். உடைந்த துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்புகிறது. இமை மூட நேரம் கிடைக்காது.

உன் பழக்கம் எனக்குத் தெரியும் என்பதால்தான் பயப்படுகிறேன். தொழிற்கூட வகுப்பில் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் அதைத் தேடியவன் நீ. வாத்தியார் உனக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன், உன் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். இந்த முறை அப்படி இருக்காதே. படிக்கிற கண்ணாடி போதும் என்றும் சொல்லாதே. பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். டிஸ்க் சுற்றுகிற தளத்துக்கு நேராக முகத்தை வைக்காதே, சற்று விலகி உட்கார். மரத்தூளுக்கு முகமூடியும் போட்டுக்கொள்.

எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. கருவியை விற்கிறவர்கள் உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதில் மாட்டுகிற சாமானின் வேக வரம்போ பாக்கெட்டின் மூலையில் எறும்பளவு எழுத்தில் கிடக்கிறது. உண்மையில் அந்தச் சின்ன எண்தான் எஜமான். கம்பி பிரஷை 15,000 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாது, ஓட்டினால் கம்பிகள் ஊசியாகப் பறக்கும். வேகம் இரட்டித்தால் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகிறது. பிட்டின், அதாவது முனையில் மாட்டுகிற செதுக்கு ஊசியின், தண்டையும் கவனி. தண்டைப் பிடித்துக்கொள்ளும் கவ்விக்கு வெளியே நிறைய நீட்டி மாட்டினால், வேகம் ஏறியதும் அந்த மெல்லிய தண்டு வளைந்து சாட்டைபோல அடிக்கும். முடிந்தவரை உள்ளே விட்டு இறுக்கு. கவ்வியும் தண்டுக்குப் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும். 2.4 மில்லிமீட்டர் தண்டை 3.2 கவ்வியில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. புதிதாக ஒன்றை மாட்டினால், ஆட்களுக்கும் உனக்கும் எதிர்ப்புறமாக நீட்டிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடு. விரிசல் கண்ட டிஸ்க் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

மெல்லிய வெட்டு டிஸ்க் நேராகப் பாய்வதற்கென்றே செய்யப்பட்டது. பக்கவாட்டு அழுத்தத்தை அது ஒரு கணமும் தாங்காது. அதை வைத்துப் பிசிறு தேய்க்காதே. வேலைப்பொருளைக் கையில் பிடிக்காமல் வைஸில் இறுக்கு. நான் மட்கார்டைக் கழற்றி வைஸில் இறுக்கியிருந்தால் தகடு அசைந்திருக்காது, டிஸ்கும் உடைந்திருக்காது.

பெயர்ப்பலகைக்கு வருகிறேன். செதுக்கும்போது அமுக்காதே, வேகமே வெட்டிக்கொள்ளும். மோட்டார் சத்தம் இறங்கினால் நீ அமுக்குகிறாய் என்று பொருள். கருகல் வாடை வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது, இல்லையென்றால் ஒரே இடத்தில் நிற்கிறாய். பிட் சுற்றும் திசைக்கு எதிராகக் கருவியை நகர்த்து. அதே திசையில் போனால் அது உன் கையை இழுத்துக்கொண்டு ஓடி எழுத்தைக் கெடுத்துவிடும். சுழிகளில் அவசரப்படாமல் மூன்று நான்கு முறை மேலோட்டமாகப் போ. உன் கையெழுத்து அழகு, மரத்திலும் வரும். பிளாஸ்டிக்கில் பழகிப் பார்ப்பதானால் வேகத்தைக் குறை, இல்லாவிட்டால் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பராமரிப்பு அதிகமில்லை. முதலில் ப்ளக்கைப் பிடுங்கு. மாட்டிக் கழற்றும்போதும் அப்படித்தான். மோட்டாரின் சுழல்தண்டைப் பூட்டும் பொத்தானை ஓடும்போது தொடவே தொடாதே. காற்றுத் துளைகளில் தூசு அடைத்தால் மோட்டார் சூடேறும், உலர்ந்த காற்றால் ஊது. பிறகு கார்பன் பிரஷ், மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கரித்துண்டுகள். திங்கட்கிழமை என்னுடையதைத் திறந்து பார்த்தேன். ஒன்றன் மூலை சிதைந்து, நீளம் 3 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்தால் பென்சில் முனை உடைந்து விழுந்த துண்டுபோல இருக்கிறது, விரலெல்லாம் கரி. சில வாரமாகத் துளைகள் வழியே நீலப் பொறி தெரிந்ததற்கு அதுதான் காரணம். நாற்பது ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை பார்த்துவிடு. தேய்வு குறைவாக இருந்தால் எடுத்த திசையிலேயே திரும்பப் போடு, அதன் முனை உள்ளே வளைவாகப் படிந்திருக்கும். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்றி, ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டு.

கோடு விழுந்த கண்ணாடியை நான் தூக்கிப் போடவில்லை. கருவிப்பெட்டி மூடியின் உட்புறம் தொங்கவிட்டிருக்கிறேன். புதியது ஒன்று வாங்கினேன், உனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பதில் எழுதும்போது உன் கருவியின் உச்ச வேகத்தையும், டிஸ்க் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பு. அதை நான் பார்க்கும்வரை டிஸ்கை மாட்டாதே. பெரியவரிடம் பேசிவிட்டேன், பலகை ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை என்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்