பொம்மைகள் அமர்ந்த வகுப்பறை

ஐயா,

ஜப்பானின் சிக்கோக்கு தீவில், மலைகளுக்கு இடையே மக்கள் குறைந்துகொண்டே வரும் நகோரோ கிராமத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். 2012-இல் மூடப்பட்ட அதன் தொடக்கப்பள்ளியில், கடைசியாகப் படித்த இரு மாணவர்களும் தங்கள் உருவில் செய்த துணிப் பொம்மைகள் இன்றும் இருக்கையில் அமர்ந்திருப்பதைச் செய்தி ஒரு சுற்றுலா விந்தையாக மட்டுமே பார்த்திருப்பது குறையாகப் படுகிறது. ஒரு பள்ளி மூடப்படுவதைவிட, அதன்பின் அந்தக் கட்டடத்தை என்ன செய்வது என்று காலத்தில் முடிவெடுக்காமல் விடுவதே ஊரை விரைவாக வெறுமையாக்குகிறது.

அதே தீவின் முரோத்தோ நகரில், 2006-இல் மூடப்பட்ட ஒரு பள்ளி 2018-இல் மீன் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒசாகாவில் பணிபுரியும் நான் சென்றிருந்தபோது, மாணவர்கள் நீந்திய குளத்தில் கடலாமைகள் நீந்தின, உடற்பயிற்சிக்குத் தாண்டும் மரப்பெட்டி மீன்தொட்டியாகியிருந்தது. (அது கடற்கரை ஊர், மலைக் கிராமத்துக்கு இவ்வழி எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) மூடிய பள்ளிகளைப் பயன்படுத்த விரும்புவோருடன் இணைக்கும் திட்டத்தை ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2010 முதல் நடத்துகிறது. ஆனால் கட்டடத்தை என்ன செய்வது என்ற பேச்சு, கடைசி மாணவர் வெளியேறிய பின் அன்றி, பள்ளி இயங்கும்போதே ஊராரின் முன்னிலையில் தொடங்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒசாகா