பொழுதுபோக்கு என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவுளிக்கடைக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை வாரிசு காங்கேயம் மாடு வளர்ப்பதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். ‘கடை வேலை போக, பொழுதுபோக்காக’ வளர்க்கிறார் என்ற ஒரு வரி மனதை அறுத்துவிட்டது.

ஆடிக்கு எடுத்த சரக்கு தீபாவளிக்குள் பணமாகிவிடும். தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். காங்கேயம் கிடாரி முதல் கன்று ஈனவே மூன்றரை, நான்கு வருடம் ஆகும். கன்று குடித்தது போக நாளுக்கு இரண்டு லிட்டர் தேறினால் பெரிது. காளையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால், கன்று பல் போட்டு, திமிலும் கொம்பும் திரண்ட பிறகுதான் தெரியும். அதற்குள் அதே காளைக்கு இன்னும் பத்துக் கன்று விழுந்திருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொலிகாளையை மாற்றாவிட்டால் அதன் மகள்களே அதனிடம் சினைக்கு வந்து நிற்கும். பிறகு கன்று சிறுக்கும், மாடு சினை பிடிக்காது. எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, என்றைக்குச் சேர்த்தது என்று கடைப் பேரேடு மாதிரியே நோட்டு எழுதியாக வேண்டும். காலையில் பசு பருவத்துக்குக் கத்தினால் மாலையில் காளை சேர்க்க வேண்டும். முகூர்த்த நாள் வியாபாரம் என்று கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த மாடு மேய்கிற, உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளுவைக் குச்சி நட்டால் ஆடு நுழையாத வேலியாக அடைய வருடக்கணக்கு ஆகும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்க வேண்டும். காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்காவிட்டால், மாடு நல்ல புல்லையே தேடிக் கடித்து இரண்டு கோடையில் காடு கட்டாந்தரையாகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது, காங்கேயம் காளைக்கு முதல் பக்கம் கொடுத்தீர்கள். அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு படம், அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை ‘பால் இல்லாத மாடு’ என்றும் எழுதினீர்கள். ஏருக்கும் வண்டிக்கும், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை இறைப்புக்கும் வளர்த்த இனம் அது. டிராக்டரும் பம்புசெட்டும் வந்து எருதின் வேலையைப் பறித்ததால் குறைந்ததே தவிர, மாட்டின் மேல் குறையில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். படத்தில் இருந்த செந்நிறக் கன்றுக்குக் ‘கலப்பினக் கன்று’ என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். காங்கேயம் கன்று பிறப்பதே சிவப்பாகத்தான். ஆறு மாத வாக்கில் நிறம் மாறி மயிலையாகும், அதாவது சாம்பல் நிறமாகும். காளைக்கன்றுக்குப் பின்னாளில் தலையும் கழுத்தும் திமிலும் கறுக்கும். அந்தக் கன்றைக் கலப்பு என்று அச்சில் போட்டால் நாளை விற்கும்போது எவன் நம்பி வாங்குவான்?

படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். தங்கம் விலையும் நாமக்கல் முட்டை விலையும் தினமும் வருகிறது. பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமை மாட்டுச்சந்தை விலையை, கிடாரி, சினை மாடு, காளை என்று பிரித்து, திங்கட்கிழமைப் பதிப்பில் நான்கு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகன்,
வெள்ளகோவில்