ரேடியோ அறைக்கு ஓடு மாற்ற உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

அந்தக் காலத்தில் ஊரார் கூடி ரேடியோ கேட்ட இடமான, கோயில் தெருமுனையில் இப்போது பூட்டிக் கிடக்கும் பஞ்சாயத்து ரேடியோ அறையைப் புதுப்பிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இன்னொரு ஐப்பசியை அது தாங்காது.

இடித்துவிட்டு நிழற்குடை கட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலி, மத்திய அலையில் (மீடியம் வேவ்) காவிரி டெல்டாவின் மூலைமுடுக்கெல்லாம் பகலிலும் தெளிவாகக் கேட்டது. சினிமாப் பாட்டுக்கு இலங்கை, உழவுக்குத் திருச்சி என்று நம் பெரியவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். 1960களின் நடுவில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 என்ற குறுவை ரகத்தைப் பற்றித் திருச்சி நிலையம் விடாமல் பேசியது. நூற்றைந்து நாளில் அறுப்புக்கு வரும் நெல். எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்பதை விவசாயிகள் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள். தஞ்சைப் பக்கம் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சென்ற மாதம் அறையைத் திறந்தபோது வால்வு ரேடியோ இருந்தது. அலைவரிசைக் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ரேடியோ வைத்திருக்க அந்தக் காலத்தில் எடுக்க வேண்டியிருந்த உரிமத்தின் புத்தகமும் அஞ்சலக முத்திரையோடு கிடைத்தது. சன்னலோரச் சுவரில் யாரோ கரிக்கட்டியால் உரக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஏக்கருக்கு என்பது வரை தெரிகிறது, மீதியைச் சுண்ணாம்பு மூடிவிட்டது. அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கப் போவதில்லை.

ஓடு, கதவு, மின் இணைப்பு, ரேடியோ பழுதுபார்ப்பு, அந்தக் காலத்தில் கேட்டவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய ஒரு கருவி எல்லாம் சேர்த்து மதிப்பீடு 2,40,000 ரூபாய். இதுவரை 65,000 வந்திருக்கிறது. மின்கட்டணத்தைப் பஞ்சாயத்து ஏற்கும். பதிவுக் கருவிதான் அவசரம். சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்க வேண்டும். நூறு ரூபாயானாலும் சரி. கல்வெட்டில் பெயர் பொறிக்க மாட்டோம், அந்தக் காசில் இன்னும் நான்கு வரிசை ஓடு போடலாம். வீட்டுப் பரணில் பழைய உரிமப் புத்தகமோ, நிலையத்திலிருந்து வந்த கடிதமோ இருந்தால் அதையும் கொடுத்துதவுங்கள்.

ஆடி முடிவதற்குள் தொகை சேர்ந்தால் ஆவணியில் ஓட்டு வேலை முடிந்துவிடும். வரவு செலவு மாதந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்படும். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், கேட்பவர் குழு உறுப்பினராகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
ரேடியோ அறைப் புதுப்பிப்புக் குழுவினர்