நடைபாதைப் பனியும் வீட்டுரிமையாளரின் பொறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலம் தொடங்கியதும் நம் வீட்டுரிமையாளர்களிடையே இரண்டு அச்சங்கள் தலைதூக்குகின்றன. வீட்டுக்கு முன்னால் செல்லும் பொது நடைபாதையில் யாரேனும் வழுக்கி விழுந்தால் வீட்டையே விற்று நட்டஈடு கொடுக்க நேரிடும் என்பது ஒன்று. பனியை அள்ளினால்தான் பொறுப்பு வரும், தொடாமல் விட்டால் வராது என்பது மற்றொன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகின்றன.

பொது நடைபாதை மாநகரசபைக்கு உரியது. பனியை அகற்றுமாறு சபையின் துணைவிதி பணித்திருந்தும் அகற்றாதவர் தண்டப்பணம் செலுத்த நேரிடலாமே தவிர, அந்த மீறல் மட்டுமே விழுந்தவருக்கு நட்டஈடு வழங்கும் கடமையை உண்டாக்காது என்று மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் நடைபாதையைத் தமது இடமாகவே கையாள்பவருக்கும், தமது காணியிலிருந்து ஆபத்து வெளியே பாய இடமளிப்பவருக்கும் அத்தீர்ப்பு விலக்களிக்கவில்லை. கூரை நீர்க்குழாயின் வாய் நடைபாதையை நோக்கியிருந்து, பகலில் உருகி வழிந்த நீர் இரவில் உறைந்துபோனால், அது வானத்திலிருந்து விழுந்த பனியல்ல, வீட்டிலிருந்து போன பனி. வழமைபோலப் பனியை அள்ளி உப்புத் தூவுவதை இதனோடு குழப்பத் தேவையில்லை. (அள்ளினால் பொறுப்பு வரும் என்ற தயக்கத்தைப் போக்கவே அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம், பனி அகற்ற முனையும் வீட்டாரைச் சாதாரணக் கவனக்குறைவு வழக்குகளிலிருந்து காக்கும் சட்டத்தை 1979இல் இயற்றியது.)

உண்மையான பொறுப்பு காணி எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. வாகனப் பாதை, வாசற்படி, பக்கவாட்டு நடைவழி ஆகியவற்றில், வருவோரின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்குமாறு இடவுடைமையாளர் பொறுப்புச் சட்டம் கோருகிறது. அச்சட்டம் எதிர்பார்ப்பது நியாயமான கவனத்தையே, குறையற்ற தரையை அல்ல. ஆகவே எப்போது பனி அள்ளினோம், எப்போது உப்புத் தூவினோம் என்று குறித்துவைப்பது பின்னர் பெரிதும் உதவும். தனியார் இடத்தில் பனியால் காயமுற்றவர் 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ளது. மாநகரசபை நடைபாதையில் விழுந்தவருக்கோ 10 நாட்களே உண்டு. அத்துடன், சபையின் கவனக்குறைவு பாரதூரமானது என்றும் நிறுவ வேண்டும். இவ்வளவு உயர்ந்த தடையைக் கண்ட சட்டத்தரணி, அருகிலுள்ள வீட்டின் நீர்க்குழாய் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதில் வியப்பில்லை.

எனக்கு மிகவும் கவலையளிப்பது நிலவறையை வாடகைக்கு விடுவோரின் நிலை. "பனி அள்ளுவது வாடகையாளரின் வேலை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்போர் பலர். பொதுவான வெளிப்பகுதிகளில் பனியை அகற்றுவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் உள்ள அத்தகைய வரி செல்லாது என்று அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் கூறியது. அந்த வேலையை வாடகையாளரிடமே ஒப்படைக்க விரும்பினால், வாடகையோடு பிணைக்காமல், அதற்கெனக் கூலி குறித்த தனி உடன்படிக்கை வேண்டும். அப்போதும் வேலை நடந்ததா என்று பார்க்காமல் இருந்துவிட முடியாது. அத்துடன், நிலவறையில் குடியிருப்போர் இருப்பதை வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காதவர், விபத்து நடந்தபின் காப்புறுதியே மறுக்கப்படும் நிலைக்கு ஆளாகலாம்.

இவை எவையும் இரகசியமல்ல. எனினும் மாநகரசபைகளின் குளிர்கால அறிவித்தல்கள் பெரும்பாலும் தண்டப்பணத்தைப் பற்றியே பேசுகின்றன. சொத்துவரிப் பட்டியலுடன் அனுப்பும் துண்டுப்பிரசுரத்தில் நீர்க்குழாய், வாடகை ஒப்பந்தம், 10 நாள் மற்றும் 60 நாள் காலவரையறைகள் ஆகியவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் விளக்குமாறு சபை உறுப்பினர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வீட்டுரிமையாளர் ஒருவர்