மர்மம் என்று எழுதும் முன் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளில் நிற்கும் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச் சின்னங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "குள்ள மனிதர்கள் வாழ்ந்த மர்ம வீடுகள்" என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு மலையேறுகிறவர்களும் இருக்கிறார்கள். விடை தெரியாத கேள்விகள் நம் மண்ணில் நிறையவே உண்டு. ஆனால் அவை வேறு. அவற்றுக்கு விடை சொல்லக்கூடிய கற்கள் கண்ணெதிரே அழிந்துகொண்டிருப்பதால்தான் இக்கடிதம்.

ஒரு புதிர் எப்படி அவிழ்கிறது என்பதற்கு நம் அதியமானே நல்ல சான்று. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்ற ஒருவரையும் சேர்த்துச் சொல்கிறது. 1830-களில் அந்த எழுத்துகள் படிக்கப்பட்ட நாள் முதல் இவர் யார் என்பது பெரும் விவாதமாக இருந்தது. சத்தியமங்கலம் என்றார்கள், காஞ்சிபுரம் என்றார்கள், துளு நாடு என்றார்கள். 1981-இல் திருக்கோவலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஆறே சொற்கள் கொண்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." பாளி என்றால் குகை இருப்பிடம். ஒன்றரை நூற்றாண்டு வாதம் அங்கே முடிந்தது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியர்களே சதியபுத்திரர். கல்வெட்டின் எழுத்தமைதி அசோகர் காலத்துக்குப் பிந்தியது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் ஜம்பையில் பாளி கொடுத்த அஞ்சி, குலப்பட்டத்தைச் சுமந்த பிற்கால அதியனாக இருக்க வேண்டும். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இனி, தீராத புதிர் ஒன்று. அதியமான் இறந்தபின் அவனுக்கு நட்ட நடுகல்லைப் பார்த்து ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232-ஆவது. மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கும் அந்தக் கல் எங்கே? தகடூர்ப் போரையே பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலும் முழுதாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சின. நூல் இனிக் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. கல் அப்படியில்லை. நம் வட்டாரத்தில் நடுகற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

நிற்கின்றன, ஆனால் எந்த நிலையில்? எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாகப் பூசி எழுத்துப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார்கள். கோயிலுக்குத் தரை போடும்போது கல்லின் கீழ் அரையடி சிமென்ட்டுக்குள் போய்விடுகிறது, அதோடு கல்வெட்டின் கடைசி வரிகளும் போய்விடுகின்றன. அரசன் பெயர், ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) யார் கவர்ந்தபோது யார் பட்டான் என்று இந்த வாசகங்கள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் வீரன் யாருடைய ஆள், எந்த ஆண்டில் பட்டான் என்று சொல்ல முடியாமல் போகிறது. பக்தியைக் குறை சொல்லவில்லை. அந்த வழிபாடு இல்லையென்றால் இக்கற்கள் எப்போதோ வரப்புக்கு முட்டுக் கொடுக்கப் போயிருக்கும். மஞ்சளும் பூவும் கல்லைக் கெடுக்காது. பெயிண்டும் சிமென்ட்டும் வேண்டாம் என்பதுதான் வேண்டுகோள்.

ஆர்வத்தோடு படம் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் பெரும் தவறு, எழுத்தின் மேல் சாக்பீஸால் எழுதுவது. நடுகற்களில் வரும் பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் நெருங்கிய சாயல் கொண்டவை. சாக்பீஸ் பிடித்தவரின் ஊகமே படத்தில் எழுத்தாகப் பதிகிறது, பின்னால் பார்ப்பவர் கல்லைப் படிப்பதில்லை, சாக்பீஸைப் படிக்கிறார். அதற்குப் பதில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் போதும். வடக்கோ தெற்கோ பார்த்து நிற்கும் கல்லானால் காலை ஏழு மணி வெயிலோ மாலை ஐந்து மணி வெயிலோ அதன் முகத்தை உரசிக்கொண்டு வரும். கல் நிழலில் இருந்தால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் சாயாமல், இடமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என்று குறைந்தது இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கீற்றில் நிழல் விழாது. ஒரே படத்தை நம்பினால் அந்தக் கீற்று இல்லாமலே எழுத்தைப் படித்துவிடுவோம்.

கல்வெட்டைத் தாளில் படி எடுப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் அனுமதி, தொல்லியல் துறைக்குத் தகவல், இவை முதலில். கல்லைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். கம்பித் தூரிகையும் ஆசிட்டும் கல்லின் மேல்தோலை உரித்துவிடும். மேப்லித்தோ தாளைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டி, நெருக்கமான முடியுள்ள தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். கிழிந்த இடத்தில் ஈரத்தாள் துண்டு ஒன்றை ஒட்டினால் சரியாகும். பிறகு விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையைப் பஞ்சு வைத்துக் கட்டிய துணியில் தொட்டு மெதுவாக ஒற்ற வேண்டும். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடம் கறுக்கும். நேரம் தவறினால் எல்லாம் வீண்: தாள் சொதசொத என்றிருக்கும்போது மை ஒற்றினால் எழுத்துக்குள் இறங்கிவிடும், முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். தாளின் பின்புறத்தில் ஊர், நாள், கல்லின் உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று அங்கேயே எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எந்தக் கல்லின் படி எது என்பதே குழம்பிப் போகும்.

கற்திட்டைக்கு வருகிறேன். மல்லச்சந்திரம் மலையில் நிற்பவை போன்றவற்றை மக்கள் பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்கிறார்கள். உள்ளே வாழ்ந்தவர் எவருமில்லை, இவை இறந்தோருக்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள். நான்கு பலகைக் கற்களை ஒன்றன் முனை மற்றொன்றைத் தாங்கும்படி சுழற்சியாக நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பலகையில் வட்டத் துளை போட்டிருப்பார்கள். ஒன்றையொன்று தாங்குவதாலும் மூடுகல்லின் பாரத்தாலும்தான் அறை நிற்கிறது. துளையுள்ள பலகையைப் புதையல் தேடி ஒருவன் பெயர்த்தால் பக்கத்துப் பலகை சாயும், மூடுகல் சறுக்கும். கிடைப்பதோ கருப்பு சிவப்புப் பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு, எலும்புத் துணுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் சில சூதுபவள மணிகள். எது மேலே கிடந்தது, எது அடியில் கிடந்தது என்ற வரிசைதான் அங்கே உண்மையான புதையல். அதைக் கடப்பாரை ஒரே குத்தில் கலைத்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள் என்ற வியப்புக்கும் கணக்கு உண்டு. 9 அடி நீளம், 6 அடி அகலம், அரையடி கனமுள்ள பலகை 27 கன அடி. நம் ஊர்க் கிரானைட் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. ஆக 2 டன். உராய்வைப் பாதி எடை என்று கொண்டால் இழுக்க வேண்டிய பாரம் ஒரு டன். ஆளுக்கு 30 கிலோ வீதம் இழுத்தால் 35 பேர் போதும், அடியில் உருளைக் கட்டை வைத்தால் இன்னும் குறைவு. பலகையை எடுப்பதும் நம் கல்லுடைப்பவர்களுக்குத் தெரிந்த வேலைதான்: பாறையின் மேல் நெருப்பு மூட்டினால் மேல் ஏடு தானாக விட்டுக்கொடுக்கும். வேற்றுக்கிரகவாசி தேவைப்படவில்லை.

விடை வேண்டியது துளையைப் பற்றி. அது ஏன், எதை நோக்கி? பல துளைகள் கிழக்கு முகமாக இருப்பதால் சூரிய உதயத்தோடு தொடர்பு சொல்கிறார்கள். இதைச் சோதிக்கலாம். நம் அட்சரேகையில் சூரியன் ஆண்டு முழுவதும் நேர் கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, தெற்கே 24 பாகைக்குள்தான் உதிக்கும். அதாவது திசைமானியில் 66 முதல் 114 வரை. ஒரு மலையின் எல்லாத் துளைகளையும் அளந்து அவை இந்த இடைவெளிக்குள் அடங்கினால் உதயக் கருத்துக்கு வலுவுண்டு. 50, 130 என்று கணிசமானவை வெளியே விழுந்தால் அக்கருத்தைக் கைவிட வேண்டியதுதான். எதிரே மலை உயர்ந்திருந்தால் 5 பாகை உயரத்துக்கு ஒரு பாகை வீதம் உதயம் தெற்கே தள்ளும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காந்தம் வைத்த உறையோடு கைப்பேசித் திசைமானியைப் பார்ப்பவர்கள் தவறான எண்ணைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள்.

மயிலாடும்பாறை பற்றியும் ஒரு சொல். பர்கூர் வட்டத்தில் உள்ள இந்த ஊரில் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தமிழ் மண்ணில் இரும்பு எப்படித் தொடங்கியது, யார் முதலில் உருக்கினார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பல கரித்துண்டுகள் தேவை. கரி சொல்வது மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்து நின்ற காலத்தை, உலை எரிந்த காலத்தை அல்ல. பழைய மரத்தின் வைரத்தை (உள்மையக் கட்டையை) எரித்திருந்தால் கணக்கு உண்மையைவிடப் பழைய காலத்தைக் காட்டும். அதனால் இரும்பு உருக்கியபின் எஞ்சும் கசடான சிட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட சுள்ளிக் கரி மிக மதிப்புள்ளது. நிலத்தைச் சமப்படுத்தும் விவசாயிகள் இரும்புச் சிட்டத்தை வண்டிப் பாதைக்குக் கொட்டும் முன், சிட்டம் குவிந்த இடத்தையும் ஆழத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடமாவது சொல்லிவைக்கலாம். மண்ணில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கற்திட்டைச் செய்தியில் பலகையின் நீளம், அகலம், கனம், துளையின் விட்டம், அது பார்க்கும் திசை ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். வட்டத்தின் பெயர் போதும். மலையேறும் வழியும் கூகுள் வரைபடப் புள்ளியும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்