சரளி வரிசை அலுத்துவிட்டது என்று எழுதிய தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையையே மாதக்கணக்கில் பாடி அலுத்துவிட்டது, கீர்த்தனைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். வாய் பாடுகிறது, காது வேறெங்கோ இருக்கிறது; அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. காதையும் பாட்டில் உட்கார வைத்துவிட்டால், அந்தப் பதினான்கு வரிசைகளுக்குள்ளேயே பெரிய சந்தோஷம் இருக்கிறது.

முதலில், பாடும்போது கூடவே ஒலிக்கிற சுருதியைச் சரிசெய். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் மந்தர சட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ‘ச’, சரியாக எழும்பாது. கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் இணைத்துக்கொள். அதன் சத்தம் உன் குரலை மூடக் கூடாது. கீழே மந்தர பஞ்சமமும் (ப) மேலே தார ஸ்தாயிக் காந்தாரமும் (க) கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் கட்டை, அதாவது நீ பாடும் சுருதியின் உயரம், சரி. பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை அமையும். உனக்கு நான்கரைதான் வசதி என்றால் அதிலேயே பாடு, குறைவொன்றும் இல்லை.

தினமும் காலையில் 40 நிமிடம் போதும். வாரமெல்லாம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பாடினால் தொண்டைதான் கட்டும். முதல் பத்து நிமிடம் மந்தர ஸ்தாயி: சட்ஜத்திலிருந்து நி, த, ப என்று இறங்கி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு மூச்சு முழுக்க நில். மூச்சு முடியும்போது ஸ்வரம் சரிகிறதா என்று கேள். சரிந்தால், மூச்சைக் கடைசிச் சொட்டுவரை பிழிகிறாய் என்று அர்த்தம். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்து.

பிறகு சரளி. ஆதி தாளம், நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை. முதல் வரிசை ஏறி இறங்க, முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று). இரண்டாம் காலத்தில் ஒன்று. மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும், அதனால் இரண்டு தடவை பாட வேண்டும். காலம் மாறினாலும் தாளம் போடும் கையின் வேகம் மாறவே கூடாது. மூன்றாம் காலத்தில் பலருக்குக் கை ஓடும். பெரும்பாலும் கடைசி வீச்சை விழுங்கிவிடுவார்கள். அப்படி ஆனால் 50க்கு இறக்கிப் பாடு.

சரளி பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் அதிகம் தவறுவது சுத்த ரிஷபம் (ரி). சட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், ஏறும்போது அவசரத்தில் மேலே போய்விடும். இறங்கும்போது சட்ஜத்திலேயே விழுந்துவிடும். ச ரி, ரி ச என்று இந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து, ரிஷபத்தில் நான்கு எண்ணிக்கை நின்று பழகு. தைவதத்துக்கும் (த) இதே மருந்துதான், அங்கே பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ராகத்தின் ‘க’வான அந்தர காந்தாரத்துக்கு வா. நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில், காந்தாரத்துக்கென்று தனிக் கம்பி இல்லாமலே, மீட்டுகிற மந்தர சட்ஜக் கம்பிக்குள்ளிருந்து அந்தக் காந்தாரம் ஒலிக்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்று சொல்வோம். வாய்ப்புக் கிடைக்கும்போது நிஜத் தம்புரா அருகில் உட்கார்ந்து பாடு. உன் காந்தாரம் அதில் போய்ச் சேர்ந்தால் குரல் தனியாகவே கேட்காது, அறையே பாடுவதுபோல் இருக்கும். ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடிக்காக மறுநாள் விடியற்காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவாய். எத்தனையோ வித்வான்கள் கடைசிவரை சாதகத்தை, இந்தத் தினப் பயிற்சியை, விடாமல் இருப்பது கச்சேரிக்காக மட்டும் என்று நினைக்காதே.

மீதி நேரத்தில் ஜண்டை, அதாவது ‘ச ச ரி ரி’ என்று ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் வரிசை. இரண்டாவது ஸ்வரத்தில் அழுத்தம் கொடு; இரண்டையும் சமமாகப் பாடினால் வெறும் இரட்டிப்பாகிவிடும். தொண்டை வலித்தால் உடனே நிறுத்திவிடு. வலியோடு பாடுவது சாதகம் ஆகாது.

சரளி பதினான்கையும் மூன்று காலத்திலும், பிறகு ஸ்வரப் பெயர் சொல்லாமல் ‘ஆ’ என்று பாடும் அகாரத்திலும், சுருதி விலகாமல் பாட முடிகிற அன்று எனக்கு எழுது. ஜண்டையையும், வெவ்வேறு தாளங்களில் பாடும் அலங்காரத்தையும் முடித்துக்கொண்டு, மலஹரி ராகத்தில் அமைந்த கீதங்கள் என்னும் எளிய பாடல்களுக்குப் போவோம். மாயாமாளவகௌளையில் பிறந்த ராகம்தான் அது. நிஷாதம் (நி) இல்லை, காந்தாரம் இறங்கும்போது மட்டுமே வரும். அந்த இடத்தில் உன் காந்தாரம் எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா