பேரணாம்பட்டு பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

குடியாத்தம் மக்களுக்கும், வேலூர், காட்பாடி நண்பர்களுக்கும் வணக்கம்.

தம்பி நேற்று இரவு வீடு வந்து சேர்ந்துவிட்டான். காட்பாடி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது மணி பதினொன்றரை. மாலையோடு நின்ற இருபது முப்பது பேரைப் பார்த்ததும், யாரோ கட்சிக்காரர் வருகிறார் போல என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். அவனைப் பிடித்து இழுத்து மாலை போட வேண்டியிருந்தது. இப்போது உள்ளே தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பியை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பப் பணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைந்த அந்த மூன்று வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அதற்குள்ளேயே இருந்தீர்கள். மறுபடி சொல்லி அம்மாவை அழவைக்க மனமில்லை. போகவே முடியாது என்று முடிவான பையன் போய், சர்வதேச ஜூனியர் போட்டியில் மும்முறைத் தாண்டுதல் இறுதிச் சுற்றில் 15.63 மீட்டர் தாண்டி, ஏழாவதாக வந்திருக்கிறான். அவ்வளவுதான் செய்தி. இனி நன்றி.

முதலில் பேரணாம்பட்டு பாய். உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது, எனக்கே போன மாதம் வரை தெரியாது. ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ரிப்பேர் கடை. முப்பது வருடம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் தோலிலோ ஷூவிலோ பிழைக்கிறவர் ஒருவர் இருப்பார். இங்கே தைக்கிற ஷூ கப்பலேறிப் போகிறது. என் தம்பி போட்டுத் தாண்டியது மட்டும் ஒரு சீனியர் அண்ணன் போட்டுக் கழித்த ஸ்பைக்ஸ்.

அதன் வலது ஷூ பின்பக்கம் பிய்ந்திருந்தது. அதைத் தைக்கத்தான் போனேன். அதற்கு முன் இரண்டு கடைகளில் ஆணி வைத்த ஷூவை வாங்கிப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். பாய் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுத் தடவினார். "இது இன்னா வெளையாட்டும்மா?" என்றார்.

சொன்னேன். ஓடி வந்து வலது காலால் எம்பி, அதே வலது காலில் இறங்க வேண்டும். அங்கிருந்து இடது கால். இடதிலிருந்து மணல். வாயால் சொன்னது அவருக்குப் புரியவில்லை, கடை வாசலில் சுடிதாரோடு குதித்தே காட்டினேன். எதிர் டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "அப்ப வலது காலுக்குத்தான் ரெண்டு வேலை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் குதி முடிந்து இறங்கும்போது அந்த ஒற்றைக் காலில் உடம்பு எடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாரம் விழும், இந்த விளையாட்டில் குதிகால்தான் முதலில் போகும் என்று கோச் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தாண்டுதல்கூடப் பார்க்காத மனிதர், உள்ளே தேய்ந்திருந்த இடத்தைத் தடவியே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் கேட்டார்: "வலிக்குதா அவனுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "ஷூவ மட்டும் எத்துன்னு வந்தா எப்படிம்மா? கால யாரு இட்டுன்னு வர்றது?"

மறுநாள் காலை தம்பியைக் கூட்டிப் போனேன். சிமெண்ட் தரையில் சாக்பீஸ் தூளைத் தூவி அவனை மிதிக்கச் சொன்னார். குதிகாலைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் அவன் பல்லைக் கடித்தானோ அங்கே பேனாவால் ஒரு வட்டம். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நாங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். துண்டுத் தோல், அடியில் கம்பெனியில் மிஞ்சும் ஃபோம் ஷீட். ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவிக் காகிதம் மாதிரி ஆக்கினார். வட்டம் போட்ட இடத்துக்கு நேராக ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம். கடைசியில் குதிகாலைக் கையில் ஏந்துவது போல ஒரு சின்னக் கிண்ணம் வந்தது.

நடுவில் கோச் ஃபோனில் பதறினார். உள்ளே வைப்பது கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், சொல்யூஷன் போட்டு ஷூவோடு ஒட்டிவிடக் கூடாது. அடிப்பாகத்தின் தடிமனுக்கும் விதி இருக்கிறது. மும்முறைத் தாண்டுதலுக்கு முன்பு 25 மில்லிமீட்டர் வரை விட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து 20 தான். இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். "மில்லிமீட்டர உங்க வாத்தியார் எனக்குக் கத்துக் குடுக்கிறாரா?" என்று கேட்டுவிட்டுக் குத்தூசியை எடுத்தார்.

ஷூவையும் தைத்து, குதிகாலுக்கு அடியில் வைக்கும் அந்தப் பட்டையும் செய்து, வாங்கியது நாற்பது ரூபாய். நூலுக்கும் சொல்யூஷனுக்கும். ஐந்நூறு ரூபாயைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன், தெருமுனை வரை துரத்தி வந்து திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த மூன்று வாரத்தில் யாரிடம் போய் நின்றாலும் முதல் கேள்வி, மெடல் வருமா என்பதுதான். தப்பில்லை, பணம் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் வலிக்குதா என்று பாய் ஒருவர்தான் கேட்டார். எங்கள் வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

சரி, மற்றவர்கள். சீட்டை ஏலம் இல்லாமல் அம்மாவுக்கு முன்கூட்டியே விட்டுக்கொடுத்த எங்கள் தெரு அக்காமார்கள். பாஸ்போர்ட்டுக்காக என்னைவிட அதிகம் அலைந்த பி.டி. சார். தினமும் சாயங்காலம் தம்பி காலில் ஐஸ் வைக்க இலவசமாக ஐஸ் கொடுத்த மீன் கடை அண்ணன் (ஷூ பை இன்னும் மீன் வாசம் அடிக்கிறது). எண்ணி எண்ணி நூற்றுப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மூன்று வாரத்தில் ஒன்பது நாள் லீவு போட்டும் சம்பளம் பிடிக்காத எங்கள் லுங்கிக் கடை முதலாளி. காட்பாடி மைதானத்தில் விளக்கை இன்னும் அரை மணி நேரம் எரியவிட்டவர், அவர் யார் என்றுகூடத் தெரியாது. பெயர் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். போட்டால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் வருடம் முழுக்க அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி வாரம் ஃபோனை எடுக்காதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இந்த மடலில் எழுதப் போவதில்லை.

போட்டி அன்று நம் ஊர் நேரம் இரவு இரண்டு மணி. தெருவே எங்கள் வீட்டுத் திண்ணையில். நேரலையில் ஓட்டப்பந்தயத்தையே மாற்றி மாற்றிக் காட்டினார்கள், தாண்டுகிறவர்களைக் காட்டவே மாட்டார்களாம். அதனால் முடிவுகள் வரும் பக்கத்தைத்தான் ஃபோனில் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தோம். முதல் தாண்டலில் எக்ஸ் விழுந்தது. ஃபவுல். இரண்டாவது 15.21. பன்னிரண்டு பேரில் முதல் எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று வாய்ப்பு என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது, 15.48. எட்டாமிடம். பக்கத்து வீட்டு ஆயா என்ன ஏது என்று தெரியாமலே குலவை போட்டுவிட்டார். 15.63 வந்தது ஐந்தாவதில்.

நடுவில் ஏதோ ஒரு பரிசளிப்புக்காகப் போட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம். கோச் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஹென்றி ரெபெல்லோ இதே மும்முறைத் தாண்டுதலின் இறுதிச் சுற்றில் தயாராக நின்றபோது, பரிசளிப்புக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். உடம்பு குளிர்ந்துபோய், முதல் தாண்டலிலேயே தொடைத் தசை கிழிந்தது. பத்தொன்பது வயது. தம்பி அதை நினைத்துக்கொண்டே அந்த நேரம் முழுக்க உட்காராமல் குதித்துக்கொண்டிருந்தானாம்.

அவனுக்கு இந்த ஆசை வந்தது 2022-இல். கொலம்பியாவில் காலி என்ற ஊரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் மதுரைக்காரர் செல்வ பிரபு 16.15 தாண்டி வெள்ளி வாங்கினார். வெண்கலம் வாங்கிய எஸ்டோனியாக்காரர் 16.13. அந்த இரண்டு சென்டிமீட்டரைத் தம்பி சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். அது இன்னும் அழியவில்லை. இந்த வருடம் வெள்ளை அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடுவோம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாண்டுகிற மணல் குழி, ஒரு மழை பெய்து காய்ந்தால் தரை மாதிரி இறுகிவிடும். இனி ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு நாங்களே போய் மண்வெட்டியால் கொத்தித் தண்ணீர் தெளித்து வைக்கப் போகிறோம். எட்டு மணி வரை அங்கே இருப்போம். குதிகால் வலிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் வீட்டில் மறைக்க வேண்டாம், வந்து சொல்லுங்கள். பேரணாம்பட்டுக்கு வழி தெரியும்.

நேற்று இரவு ஸ்டேஷனிலிருந்து வரும்போதே தம்பி பாய்க்கு வீடியோ கால் போட்டான். தூங்கியிருப்பார், நாளைக்குப் பேசலாம் என்றேன், கேட்கவில்லை. பாய் எடுத்தார். பனியனோடு, கண்ணாடி இல்லாமல். ஏழாவது வந்தேன் பாய் என்று இவன் கத்துகிறான், அவர் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. "பட்டையக் காட்டு" என்றார். ஓடுகிற ஆட்டோவில் ஷூவைக் கழற்றி, பட்டையை உருவி, ஃபோன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்பக்கம் தையல் விட்டிருக்கு பாரு. வெள்ளிக்கிழமை வேணாம், சனிக்கிழமை எத்துன்னு வா."